ஊபரை வைத்து ஒரு நாடு பேசிய விதம்: தைவான் கலந்தாய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்நுட்பமும் பொதுவாழ்வும் பற்றிப் பேச அழைக்கும் இடங்களில் நான் பெரும்பாலும் சொல்வது ஒரே கதையைத்தான்: 2015ஆம் ஆண்டு தைவானில், ஊபரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே தளத்தில் கருத்துச் சொல்லி, ஒரு புதிய விதிமுறைக்கு அடித்தளம் போட்ட கதை. கதை முடிந்ததும் எழும் ஐயங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற அலுவலர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் எல்லாரும் வெவ்வேறு சொற்களில் அதையே கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சங்கடமானவை பின்னால்.

அங்கே அப்படி என்னதான் நடந்தது? முதலில் கதையைச் சொல்லுங்கள்.

ஊபர் 2013இல் தைவானுக்கு வந்தது. தன்னைப் போக்குவரத்து நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளாமல் தகவல் சேவை நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டது. டாக்சி உரிமம் இல்லாதவர்களும் சொந்தக் காரில் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். உரிமத்துக்கும் காப்பீட்டுக்கும் பணம் கட்டி, மஞ்சள் வண்ணம் அடித்து ஓட்டிக்கொண்டிருந்த டாக்சிக்காரர்கள் கொதித்தார்கள். அரசு விதித்த அபராதங்கள் ஒரு பக்கம் குவிந்தன. சேவை மறுபக்கம் வளர்ந்துகொண்டே இருந்தது.

2015இன் கோடையில் ‘வி-தைவான்’ என்ற கலந்தாய்வு முறையில் இந்த விவகாரம் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. சில வாரங்களுக்கு ‘போலிஸ்’ என்ற மென்பொருள் வழியாக இணையத்தில் யார் வேண்டுமானாலும் கருத்தை எழுதலாம், பிறர் எழுதியதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டவை திரட்டப்பட்டு, ஊபர், டாக்சி சங்கங்கள், அமைச்சக அதிகாரிகள், அறிஞர்கள் எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்த நேரலைக் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டன. 2016இல் ‘பன்முக டாக்சி’ என்ற புதிய உரிம வகை நடைமுறைக்கு வந்தது. கதை இவ்வளவுதான், சிக்கலெல்லாம் இதன் இடுக்குகளில் இருக்கிறது.

இது வாடகை வண்டிப் பிரச்சினைதானே, இதில் அரசியல் எங்கே வந்தது?

யாருடைய வருமானம் குறையலாம், யாருடைய உரிமம் மதிப்பிழக்கலாம், விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, வரியை எந்த நாட்டில் கட்டுவது என்ற நான்கு கேள்விகளையும் ஒரு செயலி ஒரே நாளில் எழுப்பிவிட்டது. இவற்றில் ஒன்றுக்கும் மென்பொருளால் விடை சொல்ல முடியாது. கட்சிக் கொடி இல்லை என்பதால் அரசியல் இல்லை என்று ஆகிவிடாது. சென்னையில் ஆட்டோ மீட்டர் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு நிர்ணயித்த கதையை ஓட்டுநர் ஒரு விதமாகச் சொல்வார், பயணி வேறு விதமாகச் சொல்வார். செயலிகள் வந்தபின் இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆள் ஒருவரைத் திட்டுவதும் உண்டு.

வி-தைவான் அரசாங்கத்தின் அமைப்பா, தன்னார்வலர்களுடையதா?

இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதன் வேர் 2012இல் தொடங்கிய ‘கவ்-ஜீரோ’ என்ற நிரலாளர் கூட்டத்தில் இருக்கிறது. அரசின் இணைய முகவரிகளில் வரும் ‘கவ்’ (gov) என்ற சொல்லின் நடு எழுத்தை எடுத்துவிட்டுச் சுழியத்தைப் போட்டு, அரசுத் தளங்களுக்கு இணையாகத் தாங்களே தளங்கள் கட்டினார்கள். அரசின் வரவு செலவுக் கணக்கைச் சாதாரண ஆளுக்கும் புரியும் படமாக்கியது அவர்களுடைய முதல் வேலைகளில் ஒன்று.

2014 மார்ச் 18 அன்று, சீனாவுடனான சேவை வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் தைவான் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, ஏப்ரல் 10 வரை அங்கேயே தங்கினார்கள். சூரியகாந்திப் போராட்டம் என்று பெயர். உள்ளே நடந்ததை வெளியே நேரலையாகக் காட்டக் கம்பி இழுத்தவர்கள் இந்தக் கவ்-ஜீரோ ஆட்களே. அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சர் ஜாக்லின் சாய் அவர்களுடைய நிரலாக்கக் கூட்டத்துக்கே நேரில் போய், புதிய சட்டங்களைப் பற்றிப் பொதுமக்களோடு பேச ஒரு வழி செய்து தர முடியுமா என்று கேட்டார். வி-தைவான் அப்படிப் பிறந்தது. அதில் முன்னின்ற ஆட்ரி டாங் 2016 அக்டோபரில் தாமே அமைச்சரானார். போராட்டக்காரர்களைத் தேடி அமைச்சர் போனார் என்ற இந்த ஒரு செய்தியை நான் எங்கே சொன்னாலும் அரங்கில் யாராவது சிரிக்கிறார்கள்.

போலிஸ், போலிஸ் என்கிறீர்களே, காவல்துறைக்கு இதில் என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லை. நகர அரசைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இலங்கை வாசகர்கள் காவல்துறையையே ‘பொலிஸ்’ என்று எழுதுவதால் அவர்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு சிறு நிறுவனம் உருவாக்கிய மென்பொருளின் பெயர் இது. பிற்பாடு கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது.

திரையைத் திறந்தால் ஒரே ஒரு வாக்கியம் இருக்கும், 140 எழுத்துகளுக்குள். அதன் கீழே மூன்று பொத்தான்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன். ஒன்றை அழுத்தினால் அடுத்த வாக்கியம் வரும். வாக்கியங்களை எழுதுபவர்களும் உங்களைப் போன்ற பங்கேற்பாளர்களே. சொல்ல வேண்டியது விடுபட்டிருக்கிறது என்று தோன்றினால் நீங்களும் ஒன்று எழுதிச் சேர்க்கலாம்.

பின்னணியில் ஒரு பெரிய அட்டவணை வளர்கிறது. ஆளுக்கு ஒரு நிரை, வாக்கியத்துக்கு ஒரு நிரல். ஒரே மாதிரி வாக்களித்தவர்களை அருகருகேயும் மாறி வாக்களித்தவர்களைத் தள்ளியும் வைத்து, அந்த அட்டவணையைத் தட்டையான ஒரு வரைபடமாகக் கணினி சுருக்குகிறது. அதில் கூட்டங்கள் தாமாகத் திரள்கின்றன. உங்களை யாரும் ‘ஊபர் ஆதரவாளர்’ என்று முத்திரை குத்தவில்லை. உங்கள் வாக்குகளே உங்களை ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. வரைபடத்தில் உங்கள் புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். பார்த்தவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, “நான் இங்கே இருப்பேன் என்று நினைக்கவில்லை” என்பது.

பதில் எழுதும் பொத்தானே கிடையாது என்றால் அது எப்படி விவாதமாகும்?

எனக்கும் தொடக்கத்தில் இது ஏமாற்று வேலையாகவே பட்டது. விவாதம் என்றால் கேள்வியும் மறுகேள்வியும் என்றுதான் நமக்குப் பழக்கம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காதுகள். ஆனால் இணையத்தில் பதில் பொத்தான் என்ன செய்கிறது என்று கவனித்தால் விஷயம் புரியும். ஒருவர் எழுதிய கருத்துக்குக் கீழே முதலில் வருவது அவருடைய ஊர், கட்சி, படிப்பு பற்றிய ஆராய்ச்சி. பத்தாவது பதிலில் ஆரம்பக் கருத்து என்னவென்றே யாருக்கும் நினைவிருப்பதில்லை. நேரமும் வன்மமும் அதிகம் உள்ளவர் வெல்கிறார்.

பதில் பொத்தானை எடுத்துவிட்டால், ஒரு வாக்கியம் பிடிக்காதவருக்கு இரண்டே வழிகள் மிஞ்சுகின்றன. மறுத்துவிட்டுப் போகலாம், அல்லது அதைவிட நல்ல வாக்கியம் ஒன்றை எழுதி எல்லார் முன்பும் வைக்கலாம். இரண்டாவதைச் செய்பவர் தம் தரப்பு மட்டும் ஏற்கும்படி எழுதினால் அது தம் மூலையோடு நின்றுவிடும் என்பதைக் கண்கூடாகப் பார்க்கிறார். எனவே எதிர்த்தரப்பும் தலையசைக்கும்படி எழுதப் பழகுகிறார். வரி குறையக் குறைய, வசை தங்கவும் இடமில்லாமல் போகிறது.

ஆனாலும் இது விவாதத்தின் முதல் பாதிதான். முகம் பார்த்துப் பேச வேண்டிய மறுபாதிக்காகத்தான் முதல் விடையில் சொன்ன நேரலைக் கூட்டம். அதைக் கழற்றிவிட்டு மென்பொருளை மட்டும் கடன் வாங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கிடைத்தது அழகான வரைபடம் மட்டுமே.

கடைசியில் இரண்டு தரப்பும் எதில்தான் ஒத்துப்போனார்கள்?

தொடக்கத்தில் வரைபடம் எதிர்பார்த்தபடியே பிளந்தது: ஒரு பக்கம் ஊபர் வேண்டும் என்பவர்கள், மறுபக்கம் டாக்சிக்காரர்களும் அவர்களை ஆதரித்தவர்களும். நாட்கள் போகப் போக, இரு கூட்டத்தையும் தாண்டி ஆதரவு பெற்ற வாக்கியங்கள் மேலெழுந்தன. பயணிகளுக்கு விபத்துக் காப்பீடு கட்டாயம் வேண்டும், வரி ஒழுங்காகக் கட்டப்பட வேண்டும், தொழில்முறை உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பவை அவற்றுள் அடங்கும்.

ஆக அதிகமாக, ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஏற்ற வாக்கியத்தின் சாரம் இது: இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, டாக்சித் தொழில் தன் நிர்வாகத்தையும் தரக் கட்டுப்பாட்டையும் உயர்த்திக்கொள்ள அரசு தூண்ட வேண்டும், ஓட்டுநரும் பயணியும் ஊபரில் கிடைக்கும் அதே தரத்தை டாக்சியிலும் பெற வேண்டும். ஊபரை விரட்டு, ஊபரை விடு என்ற இரண்டு முழக்கங்களுக்கும் இதில் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஊபர் வேண்டுமா வேண்டாமா’ என்று நேரடியாக வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் இந்த வாக்கியம் பிறந்தே இருக்காது.

பன்முக டாக்சி விதிமுறை இந்தத் தடத்தில்தான் வந்தது. வண்டிக்கு மஞ்சள் வண்ணம் வேண்டியதில்லை, செயலி வழியாக மட்டுமே முன்பதிவு, ஏறுவதற்கு முன்பே கட்டணம் தெரிய வேண்டும். ஆனால் உரிமமும் காப்பீடும் உண்டு. உள்ளூர் டாக்சி நிறுவனங்களுக்கும் இது திறந்தே இருந்தது.

அப்புறம் ஏன் ஊபர் 2017இல் கடையைக் கட்டியது? அப்படியென்றால் தோல்விதானே?

நியாயமான கேள்வி, தைவான் கதையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலரும் 2016ஓடு நிறுத்திக்கொள்வதால் வரும் கேள்வி. புதிய உரிம வகை வந்தபின்னும் ஊபர் அதற்குள் வராமல் பழைய முறையிலேயே ஓடியது. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் உரிமமற்ற போக்குவரத்துக்கான அபராதத்தின் உச்ச வரம்பை 2.5 கோடி தைவான் டாலராக உயர்த்தியது. 2017 பிப்ரவரி 10 அன்று ஊபர் சேவையை நிறுத்தியது. இரண்டே மாதத்தில், ஏப்ரலில், உரிமம் பெற்ற வாடகைக் கார் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து திரும்பியது. அதுவும் டாக்சிக்காரர்களுக்கு உவக்கவில்லை. 2019இல் அந்த வழியையும் அடைக்கும் விதி வந்தபின், ஊபர் வண்டிகள் படிப்படியாகப் பன்முக டாக்சி வகைக்குள் வந்தன. நான்கு ஆண்டுகள் சுற்றிவிட்டு, 2015இல் பொதுமக்கள் காட்டிய இடத்துக்கே நிறுவனம் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

ஆனால் இதை வெற்றி முழக்கமாக்க நான் தயாரில்லை. கடைசியில் ஊபரை நகர்த்தியது கலந்தாய்வின் இனிமையா, அபராதத்தின் கனமா என்று கேட்டால், இரண்டும் என்பேன். அழுத்திக் கேட்டால், அபராதம் கொஞ்சம் கூடுதல் என்பேன். எங்கே போய்ச் சேரலாம் என்பதைக் கலந்தாய்வு காட்டியது. கிளம்ப வைத்தது சட்டத்தின் கை.

நம் நாட்டிலும் அதே 2015இல் டிராய்க்குப் பத்து லட்சம் மின்னஞ்சல் போனதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

ஆண்டு ஒன்று, முறை வேறு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச்சில் இணையச் சமநிலை (எல்லா இணையத் தளங்களையும் பாகுபாடின்றி ஒரே மாதிரி நடத்துவது) பற்றி 20 கேள்விகளோடு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்தச் சமநிலையை ஆதரித்த தன்னார்வலர்கள் அவற்றுக்கு ஆயத்த விடைகள் எழுதி, பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் போகும்படி செய்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் குவிந்தது. ஆணையம் அவற்றை அனுப்பியவர்களின் முகவரிகளோடு அப்படியே இணையத்தில் வெளியிட்டு வேறொரு கூச்சலுக்கு வழிவகுத்தது. ஆண்டின் இறுதியில் ஃபேஸ்புக் தன் இலவச இணையத் திட்டத்துக்கு ஆதரவாக இதே உத்தியைக் கையில் எடுத்தது. கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லாத ஆயத்தக் கடிதங்கள் அவை என்றும், கலந்தாய்வை ஏற்பாடு செய்யப்பட்ட பெரும்பான்மைக் கணக்கெடுப்பாகக் குறுக்குகின்றன என்றும் ஆணையம் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தில் பாகுபாடு காட்டத் தடை விதிக்கப்பட்டது.

அந்த முடிவு எனக்கு உவப்பானதே. அந்தப் பத்து லட்சத்தில் என்னுடையதும் ஒன்று. ஆனால் நான் அனுப்பியதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. இரண்டு தரப்பும் எண்ணிக்கையைக் காட்டியது. இலவச இணையத்தை உண்மையாகவே விரும்பிய ஒரு கிராமத்துப் பயனர் எதற்காக அதை விரும்பினார் என்று எங்கள் தரப்பில் யாரும் தெரிந்துகொள்ளவில்லை. போலிஸ் முறையில் ஒரே வாக்கியத்தைப் பத்து லட்சம் பேர் எழுதினாலும் அது ஒரு வாக்கியம்தான்; மறுகரையில் அதற்கு எத்தனை பேர் தலையசைத்தார்கள் என்பதே அதன் எடை.

நிறுவனங்கள் வேகமாக ஓட வேண்டிய காலத்தில் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் புதுமை தேங்கிவிடாதா?

புதுமை பெரும்பாலும் தேங்குவது, நாளை எந்த விதி வரும் என்று தெரியாத இடத்தில். வி-தைவானின் முதல் பலன்களில் ஒன்றே புதிய நிறுவனங்களுக்கானது. சில பங்குதாரர்கள் மட்டுமே கொண்ட நிறுவனங்கள் தங்கள் பங்குகளை நெகிழ்வாக அமைத்துக்கொள்ள வழிசெய்யும் திருத்தம் 2015இல் தைவான் நிறுவனச் சட்டத்தில் வந்தது. அதுவரை தொழில் தொடங்கிய இளைஞர்கள் பலர், இந்த நெகிழ்வுக்காகவே வெளிநாட்டில் நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

டேவிட் காலிங்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1980இல் ஓர் இக்கட்டைச் சுட்டிக்காட்டினார். தொழில்நுட்பம் இளசாக இருக்கும்போது வளைக்கலாம், ஆனால் அதன் விளைவு தெரியாது. விளைவு தெரியும்போது அது முற்றிப்போயிருக்கும், வளைக்க முடியாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் வீட்டில் சொல்வதோடு, ஐந்தில் எந்தப் பக்கம் வளைப்பது என்று தெரியாத தொல்லையையும் சேர்த்துக்கொண்டால் அதுதான். இதற்கு ஒரு நடுவழியாக ஒழுங்குமுறைச் சோதனைக் களங்கள் வந்தன: குறிப்பிட்ட காலம், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பயனர்கள், கண்காணிப்பு உண்டு, சில விதிகளுக்கு விலக்கு உண்டு. பிரிட்டன் 2016இல் தொடங்கியது. தைவான் 2017 டிசம்பரில் நிதித் தொழில்நுட்பத்துக்கென்று சட்டமே இயற்றியது. நம் ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் தன் நெறிமுறையை வெளியிட்டது. சோதனையில் யார் பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டிக் கேட்கவாவது எதிர்த்தரப்பு மேசையில் இருக்க வேண்டும்.

ஒரு கட்சியோ நிறுவனமோ ஆயிரம் பேரைத் திரட்டி வந்து வாக்குப் போட்டால்?

சாதாரண வாக்கெடுப்பில் ஆயிரம் பேர் வந்தால் முடிவு மாறும். இங்கே ஒரே மாதிரி வாக்களிக்கும் ஆயிரம் பேர் வந்தால் வரைபடத்தில் ஒரு கூட்டம் பெருகும், அவ்வளவே. எதிர்க்கூட்டத்தின் சம்மதத்தை அவர்களால் தயாரித்துவிட முடியாது. ஊபரே தன் பயனர்களை வரச்சொல்லி அழைத்தாலும் பாதகமில்லை என்று அமைப்பாளர்கள் துணிந்தது இதனால்தான். எக்ஸ் தளத்தில் பதிவுகளுக்குப் பயனர்களே விளக்கம் எழுதும் ‘சமூகக் குறிப்புகள்’, 2021 ஜனவரியில் ‘பேர்ட்வாட்ச்’ என்ற பெயரில் தொடங்கியது, இதே எண்ணத்தில் பிறந்ததே: வழக்கமாக ஒன்றுக்கொன்று முரண்படுபவர்கள் இருவருமே பயனுள்ளது என்றால்தான் குறிப்பு பதிவின் கீழே தோன்றும்.

ஆனால் முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பொறுமையுள்ள ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எதிர்த்தரப்புபோல் நடித்து வாக்களித்தால் கணக்கைக் குழப்ப முடியும். இன்னொரு குறை, தாமதம். இரு தரப்பும் சம்மதிக்கக் காத்திருக்கும் நேரத்தில் வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. சமூகக் குறிப்புகளில் மிகப் பல வெளிச்சத்துக்கே வருவதில்லை.

கைபேசியில் தட்டத் தெரியாதவர்கள் கதி?

அவர்கள் வரைபடத்தில் இல்லை. தானாக வந்து பங்கேற்பவர்களின் கருத்தை நாட்டின் கருத்து என்று சொல்வது தவறு. வி-தைவானும் அப்படி உரிமை கொண்டாடவில்லை. இந்த முறையால் கருத்துகளின் வகைகளைக் கண்டறியலாம், அளவை நிறுவ முடியாது. தமிழ்நாட்டில் செயலிவழித் தொழிலாளர்களுக்கென நல வாரியம் 2023 டிசம்பரில் அமைந்தது. அவர்களைப் பற்றிய ஒரு விதிமுறைக்கு இங்கே இப்படியொரு கலந்தாய்வு நடத்தினால், நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வண்டியில் இருப்பவர் எப்போது திரையைப் பார்ப்பார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வாக்கியங்களைக் குரலில் கேட்டுக் குரலிலேயே விடை சொல்லும் ஏற்பாடு கடினமானதில்லை. யாரும் செய்ய நினைப்பதில்லை, அதுதான் கடினம்.

சாதி, மதம், மொழி போன்ற விஷயங்களுக்கும் இதே வைத்தியமா?

இல்லை, இதை யாராவது சர்வரோக நிவாரணியாக விற்றால் வாங்காதீர்கள். ஊபர் விவகாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு உறுதியான பழைய நிலைப்பாடு இல்லை. பொருள் புதியது, கட்சிகள் அதில் இன்னும் கொடி நட்டிருக்கவில்லை, நன்மை தீமைகளைப் பகிர்ந்துகொள்ள வழியும் இருந்தது. தலைமுறைகளாக இழைக்கப்பட்ட அநீதியில், ‘இரு தரப்பும் ஒப்புக்கொள்வது எது’ என்று கேட்பதே இழைத்தவருக்குச் சாதகமான கேள்வியாகிவிடும். பாதிக்கப்பட்டவரின் உரிமைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் எதற்கு?

ஆழமான நம்பிக்கைகள் மோதும் இடத்தில் வேறு முறைகள் ஓரளவு பலித்திருக்கின்றன. கருக்கலைப்புத் தடையைப் பற்றி அயர்லாந்து 2016இல் குலுக்கல்முறையில் 99 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு தலைவரின் கீழ் மாதக்கணக்கில் நேரில் அமரவைத்து, நிபுணர்களையும் அனுபவப்பட்டவர்களையும் கேட்கச் செய்தது. 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் தடையை நீக்க வாக்களித்தார்கள். அங்கே வேலை செய்தது அல்காரிதமில்லை, நேரமும் ஒரே மேசைச் சாப்பாடும்.

வி-தைவான் இப்போதும் அதே வேகத்தில் நடக்கிறதா?

இல்லை. அதன் முடிவுகள் அரசைக் கட்டுப்படுத்துபவையாக ஒருபோதும் இருக்கவில்லை. அமைச்சர் ஒருவர் மனம் வைத்தால் நகரும், இல்லையேல் கோப்பில் தூங்கும். தன்னார்வலர்களின் உழைப்பும் வற்றாத ஊற்றில்லை. 2018க்குப் பின் வேகம் குறைந்தது. அரசே நடத்தும் ‘ஜாயின்’ என்ற மனுத் தளம் அதைவிடப் பரவலாகப் பயன்படுகிறது, அங்கே 5,000 பேர் கையெழுத்திட்டால் துறை விடையளித்தாக வேண்டும். மென்பொருள் மட்டும் ஊர் ஊராகப் போகிறது. 2025இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து பவுலிங் கிரீன் நகரம் தன் எதிர்காலத் திட்டத்துக்காக இதைப் பயன்படுத்தியபோது சுமார் 8,000 பேர் பங்கேற்றார்கள்.

எங்கள் குடியிருப்பில் டெலிவரி பையன்கள் லிஃப்ட்டில் ஏறலாமா கூடாதா என்று ஒரே சண்டை. இதற்கெல்லாம் செய்து பார்க்கலாமா?

வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடியிருப்பிலும் அதே சண்டைதான், நான் செய்தும் பார்த்தேன். மென்பொருள் கிடையாது, துண்டுச் சீட்டுகள், மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸாப் குழுவில் இரண்டு வாரம் நடந்த யுத்தத்தில், ‘பாதுகாப்பு’ என்று ஒரு தரப்பும் ‘தீண்டாமை’ என்று மறுதரப்பும் ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். சீட்டுகளில் பெயர் கிடையாது, ஒரு சீட்டில் ஒரு வாக்கியம். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, அவரவர் விடையை எழுதி டப்பாவில் போடச் செய்தோம்.

எதிர்பாராமல் மேலே வந்தது, “ஐந்தாவது மாடிக்குமேல் படியேறச் சொல்வது தப்பு” என்ற சீட்டு. பாதுகாப்புத் தரப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதை ஏற்றிருந்தார்கள். அவர்களுடைய பயம் லிஃப்ட்டைப் பற்றியதில்லை, யார் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று தெரியாததைப் பற்றியது என்பது அப்போதுதான் விளங்கியது. நுழைவாயிலில் வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு லிஃப்ட்டில் விடலாம் என்ற வாக்கியத்தைப் பிறகு எழுதியவர், தீண்டாமை என்று திட்டு வாங்கிய அதே பெரியவர். பெயரில்லாத சீட்டு என்றாலும் அவர் கையெழுத்து எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எந்த வாக்கியத்தை அனுமதிப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்பவர்தானே உண்மையான அதிகாரி?

ஆமாம். இந்தப் பக்கத்திலேயே கூர்மையான கேள்வி இது. போலிஸில் வாக்கியங்களை ஏற்கவும் ஒதுக்கவும் ஒரு நடுவர் உண்டு. வசையையும் திரும்பத் திரும்ப வருபவற்றையும் நீக்குவது சரியே. ஆனால் ‘தலைப்புக்குத் தொடர்பில்லாதது’ என்ற காரணம் வழுக்கலானது. கேள்வியை முதலில் வடிப்பவருக்கும் அதே அதிகாரம். ஊபர் கலந்தாய்வில் ‘தனியார் கார் போக்குவரத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது’ என்ற சட்டகத்துக்குள் பேசும்போது, பேருந்தை மேம்படுத்தினால் இரண்டுமே தேவைப்படாது என்று நினைப்பவர் விளிம்பில்தான் நிற்பார். குறைந்தபட்சப் பரிகாரம், நீக்கிய வாக்கியங்களையும் காரணத்தோடு எல்லாரும் பார்க்கும்படி வைப்பது.

நானே சிக்கிய இடமும் இதுதான். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை, “வெயிலில் வருகிறவர்களுக்குக் கீழே குடிக்கத் தண்ணீர் இல்லை” என்று ஒரு சீட்டு வந்தது. லிஃப்ட்டைப் பற்றியதில்லையே என்று எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். மாலையில் எங்கள் காவலாளி வந்து, தம் சீட்டு சுவரில் காணவில்லையே என்று கேட்டார். ஒட்டினேன். இரு தரப்பிலும் ஒருவர்கூட மறுக்காத ஒரே சீட்டு அதுவாக இருந்தது. மறுவாரம் காவலறை வாசலில் ஒரு மண்பானையும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும் வந்தன. லிஃப்ட் விதி அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.